ஜெயம்மா வீட்டில் தொங்கிய பின்கதவு

1

பெங்களூரில் இருப்பவன் தன்னைப் புலம்பெயர்ந்தவன் என்று சொல்லிக்கொண்டால் ஊரில் சிரிக்கிறீர்கள். போன பொங்கலுக்குக் குடியாத்தம் வந்தபோது என் சித்தப்பா மகன் முகத்துக்கு நேராகவே கேட்டான். "துபாய்ல இருக்கிறவன் எழுதினா படிக்கலாம். நீ காலையில பஸ் ஏறினா மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்து நிக்கிற. உனக்கு எதுக்குடா இந்த வேஷம்?"

அவனுக்கு இங்கே பதில் சொல்கிறேன். துபாயில் இருப்பவனுக்குத் தான் அந்நியன் என்று தினமும் தெரியும். பாஸ்போர்ட்டில் அடித்தே வைத்திருக்கிறார்கள். எனக்கு அது எந்த வருடம் நினைவூட்டப்படும் என்று எனக்கே தெரியாது. மழை நன்றாகப் பெய்த வருடத்தில் நான் எங்கள் பேட்டை அடுகோடிக்காரன். எங்கள் சந்தில் யார் வீட்டுத் தண்ணீர் மோட்டார் நின்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். மழை பொய்த்த வருடத்தில் நான் தமிழ்நாட்டுக்காரன். அணையில் எவ்வளவு தண்ணீர் என்று பேப்பரில் ஒரு சின்னக் கட்டம் போடுவார்களே, அதை உங்கள் பக்கம் விவசாயி பார்ப்பான். இங்கே நான் பார்க்கிறேன். எனக்கு ஒரு செண்ட் நிலம்கூடக் கிடையாது.

இந்தப் பிப்ரவரியில் காவிரித் தீர்ப்பு வரப்போகிறது என்று டிவியில் சொல்ல ஆரம்பித்தார்கள். திங்கட்கிழமை வரும் என்றார்கள். அதற்கு முந்தின சனிக்கிழமை காலை நான் வாசலில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால், என் மகள் மாலினி பக்கத்து வீட்டு ஜெயம்மாவின் குளியலறைக் கதவைக் கழற்றித் தூக்கிக்கொண்டு வருகிறாள். ஒரு முனையில் அவள், மறுமுனையில் ஜெயம்மா.

அது மரக்கதவு இல்லை. ஒரு பழைய பிக்கப் வண்டியின் இரும்புப் பின்கதவு. அதில் பச்சைப் பெயிண்டின் மேல் மஞ்சளில் பெரிதாகத் தமிழில் 'தணிகைவேலன் துணை' என்று எழுதியிருக்கும். கீழே சின்னதாக 'கிருஷ்ணகிரி'. பதினைந்து வருடமாக அந்த எழுத்தை வெளியாள் யாரும் பார்த்ததில்லை. சந்து முழுக்கப் பார்க்க அதைத் தூக்கிக்கொண்டு வருகிறாள்.

"உள்ளே கொண்டு போ" என்றேன்.

"வண்டிக்கு மாட்டத்தானேப்பா எடுத்தேன். வெளிய வச்சுதானே மாட்டணும்?"

"உள்ளே கொண்டு போன்னு சொன்னேன்."

ஜெயம்மா தன் முனையைக் கீழே வைத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். "உங்க அப்பாவுக்கு இன்னும் அந்த டிசம்பர்தான் ஓடுது மகளே" என்றாள். அவளுக்குக் கன்னடம் தாய்மொழி. எங்களோடு பேசும்போது தமிழில்தான் பேசுவாள், கன்னடம் கலந்து.

அவள் சொன்னது சரி. எனக்கு அந்த டிசம்பர்தான் ஓடுகிறது.

2

தொண்ணூற்றொன்று. பகலில் ஓசூர் ரோட்டில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர் வேலை. சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமையும் வீட்டு வாசலில் வண்டி வேலை. பழைய ஜீப் பிக்கப்தான் எனக்குப் பழக்கம். அப்போது எல்லோரும் பெட்ரோல் வண்டிக்கு டீசல் இன்ஜின் மாற்றிக்கொண்டிருந்தார்கள். டீசல் இன்ஜின் கனம். பழைய சேசிஸ் சட்டம் அதைத் தாங்க முன்பக்கம் பட்டை சேர்க்க வேண்டும், புதிதாக மவுண்டிங் செய்து வெல்டிங் வைக்க வேண்டும். வெல்டிங்குக்கு நயாஸ் பாய் வருவார். மற்றது எல்லாம் நான்.

என் மனைவி வசந்தாவின் அண்ணன், என் மச்சான் தணிகாசலம், கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூர் மார்க்கெட்டுக்குத் தக்காளி ஏற்றிக்கொண்டு வருவார். அவருடைய பிக்கப்பை டீசலாக மாற்றித் தரச் சொல்லி என் வாசலில் விட்டுவிட்டு பஸ்ஸில் ஊருக்குப் போய்விட்டார். 'டி' எழுத்தில் ஆரம்பிக்கும் தமிழ்நாட்டு நம்பர். பின்னால் அவருடைய வேலன். நான் பெட்ரோல் இன்ஜினை இறக்கியிருந்தேன். சக்கரங்கள் டயர் கடையில். வண்டி நாலு கருங்கல் மேல் உட்கார்ந்திருந்தது. அந்த நிலையில்தான் காவிரிக் கலவரம் வந்தது.

எப்படி வந்தது, யார் தொடங்கினார்கள் என்று நான் எழுதப்போவதில்லை. அதை எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது இதுதான். மதியம் தொழிற்சாலையிலிருந்து எங்களை அனுப்பிவிட்டார்கள். ரோட்டில் டயர் எரிகிற நாற்றம். வீட்டுக்கு வந்தால் வசந்தா குழந்தையைப் பள்ளியிலிருந்து கூட்டி வந்து, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாலினிக்கு அப்போது ஏழு வயது. எங்கள் வீட்டுக்குத் தகரக் கூரை. பக்கத்தில் ஜெயம்மா வீடு, அதற்கும் தகரம். நடுவில் ஒரு சுவர்கூட முழுதாக இல்லை. வாசலில் தமிழ்நாட்டு நம்பரோடு, நகர முடியாமல், டேங்கில் பெட்ரோலோடு ஒரு வண்டி.

நயாஸ் பாய் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்தார். "குணா பாய், மெயின் ரோட்ல நம்பர் பாத்துப் பாத்து நிறுத்துறானுங்க. இது இன்னும் இங்க கைக்கு, எதுக்கு நிக்குது?"

"சக்கரம் இல்ல பாய். எப்படித் தள்றது?"

தார்ப்பாயை எடுத்து வண்டி மேல் போட்டேன். அவர் அதைப் பிடுங்கி எறிந்தார். "அரே, மூடி வச்ச வண்டியத்தான் முதல்ல தொறந்து பாப்பானுங்க. மூளை இருக்கா?"

நம்பர் தட்டைக் கழற்றலாம் என்றேன். நம்பர் இல்லாத வண்டி என்றால் இன்னும் சந்தேகம் என்றார். எழுத்தின் மேல் ரெட் ஆக்சைடு அடிக்கலாம் என்றேன். ஈரப் பெயிண்டைத் தொட்டுப் பார்த்தால் போதுமே என்றார். அதற்குள் சந்தில் இருந்தவர்கள் வெளியே வந்துவிட்டார்கள். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒரே ஒரு கேள்விதான் அவர்கள் முகத்தில் இருந்தது. இது எரிந்தால் எங்கள் வீடும் எரியுமே, என்ன செய்யப்போகிறாய்?

ஜெயம்மாதான் சொன்னாள். அவள் வீட்டில் ஊதுபத்தி உருட்டுகிற வேலை. கை முழுக்கக் கரி. "இது வண்டியா இருந்தாத்தானே கொளுத்துவாங்க? வண்டியா இல்லாம பண்ணு."

இருபது வருடம் ஸ்பேனர் பிடித்த எனக்கு அது தோன்றவில்லை.

பிரித்தோம். அப்படி ஒரு வேலையை நான் அதற்கு முன்னும் செய்ததில்லை, பின்னும் செய்ததில்லை. முதலில் டேங்கைக் கழற்றி, ஜெயம்மா வீட்டுக் கொல்லையில் மண்ணுக்குள் வைத்து ஈரச் சாக்கு போட்டோம். பானெட்டைத் தண்ணீர்த் தொட்டிக்கு மூடியாக்கினோம். கதவுகள் இரண்டும் இரண்டு வீட்டுக் கட்டிலுக்கு அடியில். சீட் எதிர்வீட்டு மாடியில். நம்பர் தட்டுகள் நயாஸ் பாயின் சைக்கிள் கேரியரில், பழைய இரும்போடு இரும்பாக. பாடியைச் சந்து ஆட்கள் எல்லோரும் சேர்ந்து தூக்கிக் கவிழ்த்து, என் வீட்டுச் சுவர் ஓரம் கோழிக்கூண்டு மாதிரி வைத்தோம்.

மெக்கானிக்குக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு பாகத்தைக் கழற்றினால் அதன் போல்ட்டை உடனே அதே ஓட்டையில் கையால் திருகி வைத்துவிடுவான். எது எங்கே என்று தேட வேண்டாம் பாருங்கள். அன்றைக்கு அதற்கு நேரமில்லை. எல்லாப் போல்ட்டும் ஒரே பக்கெட்டில் விழுந்தன. ஒவ்வொன்று விழும்போதும் சத்தம் மெயின் ரோடு வரைக்கும் கேட்குமோ என்று பயமாக இருந்தது.

கடைசியில் பின்கதவு மிச்சம். வேலன் பெயர். யார் வீட்டிலும் அதை வைக்க நான் கேட்கவில்லை. கேட்க வாய் வரவில்லை. ஜெயம்மா அதைப் புரட்டிப் பார்த்தாள்.

"ஏன் பரெதிதே இதரல்லி?" என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள்.

"முருகன் பேரு."

அவள் குளியலறை என்பது கொல்லை மூலையில் மூன்று பக்கம் கல், ஒரு பக்கம் கோணித் திரை. கோணியை அவிழ்த்துவிட்டாள். பின்கதவை நெட்டாக நிமிர்த்தினோம். அகலம் போதாமல் பக்கத்தில் ஒரு தகரத்தைச் சேர்த்தோம். எழுத்து உள்பக்கம். கட்டுக்கம்பியால் கட்டிவிட்டு வெளியே வந்து பார்த்தால், துருப்பிடித்த ஒரு குளியலறைக் கதவு. அவ்வளவுதான்.

வாசலில் சேசிஸ் மட்டும் கல் மேல் கிடந்தது. அதன் மேல் ஜெயம்மா பலகைகளைப் பரப்பி, ஊதுபத்திகளைக் காயப்போட்டாள்.

அவர்கள் வந்தபோது நான் வீட்டுக்குள் இருந்தேன். ஜெயம்மாதான் உள்ளே போகச் சொன்னாள். கதவு இடுக்கில் பார்த்தேன். கூட்டம் என்று சொல்ல முடியாது, கொஞ்சம் பேர். கையில் தடி, ஒருவன் கையில் கேன். மாலினி என் காலைக் கட்டிக்கொண்டு "அப்பா" என்றாள். நான் அவள் வாயைப் பொத்தினேன். "பேசாதே. பேசினால் கன்னடத்தில் பேசு" என்று காதில் சொன்னேன்.

"யாவ காடி இது?" என்றான் ஒருவன். எந்த வண்டி இது?

"காடி எல்லப்பா இதே? குஜரி இது" என்றாள் ஜெயம்மா. வண்டி எங்கே இருக்கிறது என்கிறாள்; குஜரி என்றால் பழைய இரும்பு. தலையைக்கூட நிமிர்த்தவில்லை. பத்தியைத் திருப்பிப் போட்டுக்கொண்டே சொன்னாள்.

ஒருவன் சேசிஸை உதைத்தான். ஒரு பலகை சரிந்து பத்திகள் மண்ணில் கொட்டின. ஜெயம்மா அவனைத் திட்டினாள், தன் பிள்ளையைத் திட்டுகிற மாதிரி. அவன் தடியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, குனிந்து, பத்திகளைப் பொறுக்கிப் பலகையில் வைத்தான். பிறகு போய்விட்டார்கள். அடுத்த தெருவிலிருந்து புகை வந்தது.

அவன் குனிந்து பொறுக்கியதுதான் எனக்கு இன்றைக்கும் பயம். ராட்சசனாக இருந்திருந்தால் அடையாளம் தெரியும். அவன் நாளைக்கு என் பக்கத்தில் பஸ்ஸில் உட்காரலாம்.

3

அதற்குப் பிறகு மச்சான் பெங்களூர்ப் பக்கம் தக்காளி கொண்டுவரவில்லை. சேலத்துக்குத் திருப்பிக்கொண்டார். "வண்டிய நீங்களே வச்சுக்குங்க மாப்ள. எனக்கு அதைப் பாத்தா குலை நடுங்குது" என்று சொல்லி அனுப்பினார். அவர் பார்க்கவே இல்லை. கேட்டே நடுங்கினார்.

நான் வீடு வீடாகப் போய்ப் பாகங்களை வாங்கி வண்டியை மறுபடி சேர்த்தேன். டீசல் இன்ஜின் ஏற்றினேன். பக்கெட்டில் இருந்த போல்ட்டுகளில் எது எதற்கு என்று தெரியவில்லை. கிட்டத்தட்டப் பொருந்தியதைப் போட்டு இறுக்கினேன். அதனால் அந்த வண்டி ஓடும்போது எங்கேயாவது ஒரு சத்தம் வந்துகொண்டே இருக்கும். இடம் கண்டுபிடிக்க முடியாத சத்தம்.

கர்நாடக நம்பர் வாங்குவதற்கு நான் அலைந்ததை எழுதினால் இந்தப் பத்திரிகை முழுக்க வேண்டும். அந்த ஊர் ஆர்.டி.ஓ. ஆபீசில் இந்த வண்டி இங்கிருந்து போகலாம் என்று சான்று. இந்த ஊர் ஆபீசில் பெட்ரோல் ஏன் டீசலானது என்று கேள்வி. இன்ஸ்பெக்டர் சேசிஸ் நம்பரைப் பென்சிலால் தேய்த்து எடுக்க வந்தார். நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் இரும்புப் பட்டை. நயாஸ் பாய் சேசிஸைப் பலப்படுத்துகிறேன் என்று அங்கேயே பட்டை வைத்து வெல்டிங் அடித்திருந்தார்.

"இது திருட்டு வண்டி மாதிரி இருக்கே" என்று இன்ஸ்பெக்டர் கன்னடத்தில் சொன்னார். நான் பதற்றத்தில் தமிழில் "இல்ல சார்" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஒன்றும் இல்லாமலும் இருந்திருக்கலாம். எனக்கு மூத்திரம் முட்டியது. பட்டையை அறுத்து, நம்பரைக் காட்டி, கடைசியில் கேஏ நம்பர் கிடைத்தது. பின்பக்கம் ஒரு மரப்பலகையைக் கதவாக வைத்துக்கொண்டேன். இரும்புக் கதவை ஜெயம்மா வீட்டிலிருந்து நான் திருப்பிக் கேட்கவில்லை. அவளும் தரவில்லை. முருகன் பெயருக்கு முன்னால் எப்படிக் குளிப்பது என்று அதன் மேல் ஒரு துண்டைப் போட்டுவிட்டுத்தான் குளிப்பாள்.

மாலினியைப் பள்ளியில் முதல் மொழி கன்னடம் எடுக்கச் சொன்னது நான்தான். வசந்தா அழுதாள். தமிழில் பெயர் எழுதத் தெரியாமல் வளருகிறாளே என்றாள். தெரியாவிட்டால் போகட்டும் என்றேன். வெளியே தமிழில் கூப்பிடாதே என்று இருவருக்கும் சொன்னேன். இதை எழுதும்போது எனக்கு வெட்கம் இல்லை. நீங்கள் ஊரில் உட்கார்ந்து என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள். கதவு இடுக்கில் நின்றது நான்.

நான் எதிர்பாராதது வேறு. அவள் நல்ல கன்னடக்காரியாகிவிட்டாள். நவம்பர் ஒன்றாம் தேதி, கன்னட ராஜ்யோத்சவத்துக்கு, வண்டியில் சிவப்பு மஞ்சள் கொடி கட்டுவேன், பயத்தில். அவள் அதே கொடியைச் சந்தோஷமாகக் கட்டுகிறாள். எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை. கம்பெனி வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போகும். ஞாயிற்றுக்கிழமையானால் பழைய பேண்ட்டை மாட்டிக்கொண்டு பிக்கப்புக்கு அடியில் படுத்துவிடுவாள். அவள் போட்டதுதான் பவர் ஸ்டீயரிங், அகல டயர், நல்ல சீட். என்னைவிட சுத்தமாக வேலை செய்வாள். பழைய ஜீப் வைத்திருப்பவர்கள் இன்டர்நெட்டில் கூடிப் பேசுகிற இடம் ஒன்று இருக்கிறதாம். எல்லாம் ஒரிஜினலாக இருக்க வேண்டும் என்று அங்கே சொல்லிக்கொடுத்துவிட்டார்கள்.

"இந்த வண்டிய அசெம்பிள் பண்ணினவன் யாருப்பா? ஒரு போல்ட்டும் அதோட இடத்துல இல்ல. குடிச்சிட்டுப் பண்ணினானா?" என்று ஒருநாள் அடியிலிருந்து கத்தினாள்.

"ஆமா" என்றேன்.

ஒவ்வொரு போல்ட்டாக மாற்றினாள். சத்தங்கள் குறைந்துகொண்டே வந்தன. கடைசியாக மிச்சம் இருந்தது பின்கதவு. ஜெயம்மாவுக்குப் புதிதாகப் பிளாஸ்டிக் கதவு வாங்கிக் கொடுத்து அதையும் கழற்றிவிட்டாள்.

4

அவள் அந்தச் சனிக்கிழமையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருந்தது. திங்கட்கிழமை கிருஷ்ணகிரியில் மச்சானுக்கு அறுபதாம் கல்யாணம். வசந்தா போயே ஆக வேண்டும். அவர் கூடப் பிறந்த ஒரே தங்கை. பஸ் ஓடுமா, நிறுத்திவிடுவார்களா என்று யாருக்கும் தெரியவில்லை. மாலினியின் ஆபீசில் திங்கள் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். எனவே பிக்கப்பில் போகலாம், மாமாவுக்கு அவர் வண்டியை அவர் வைத்திருந்த மாதிரியே கொண்டுபோய்க் காட்டலாம் என்பது அவள் திட்டம்.

"தீர்ப்பு வர்ற நாள்ல தமிழ் எழுத்தோட ஓசூர் ரோட்ல போவியா?" என்றேன்.

"தீர்ப்பு திங்கக்கிழமைதானேப்பா. நாம ஞாயித்துக்கிழமையே போயிடறோம்."

"திரும்பி வரணுமே?"

"கேஏ நம்பர்தானே முன்னாடி இருக்கு? நான் கன்னடத்துல பேசறேன். யார் நம்மள என்ன பண்ணப்போறாங்க?"

"ஓசூர் தாண்டினா அந்தக் கேஏ நம்பர்தான் பிரச்சினை. அங்க கல்லு எடுக்கிறவன் உன் தமிழைக் கேட்டா, இவ கன்னடக்காரின்னுதான் சொல்லுவான்."

அவள் சிரித்தாள். வசந்தா சிரிக்கவில்லை. "எங்க அண்ணனுக்கு நான் போகாம யார் போறது? நீங்க வேணா வீட்ல கதவச் சாத்திக்கிட்டு இருங்க" என்றாள். நன்றாகத்தான் குத்தினாள்.

ஞாயிறு காலை தாயும் மகளும் பழம் பாக்கு வாங்கக் கடைக்குப் போனார்கள். பின்கதவு மாட்டியாகிவிட்டது. சந்தில் வெயில் அதன் மேல் அடித்தது. மஞ்சள் எழுத்து நேற்று எழுதின மாதிரி பளிச்சென்று இருந்தது. வெயிலும் மழையும் படாமல் இருந்தது அல்லவா.

நான் பானெட்டைத் திறந்தேன். டீசல் ஃபில்டருக்குப் போகிற பைப்பின் போல்ட்டை எடுத்தேன். டீசல் கொஞ்சம் வழிந்தது. துணியால் துடைத்தேன். பைப்புக்குள் காற்று போய்விட்டால் இன்ஜின் பிடிக்காது. போல்ட்டை மறுபடி ஓட்டையில் வைத்துவிட்டு, பானெட்டை மூடிவிட்டு, கை கழுவிக்கொண்டு உட்கார்ந்தேன். எனக்கு நிம்மதியாக இருந்தது. பல நாளுக்குப் பிறகு.

வந்தார்கள். சாமான் ஏற்றினார்கள். மாலினி சாவியைத் திருப்பினாள். இன்ஜின் சுற்றியது, இருமியது, நின்றது. மறுபடி. மறுபடி.

"பழைய வண்டி. இப்படித்தான். அடுத்த மாசம் போகலாம்" என்றேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. இறங்கி, பானெட்டைத் திறந்து, ஃபில்டரைத் தொட்டுப் பார்த்து, பைப்பைக் கையால் தடவிக்கொண்டே போனாள். அந்தப் போல்ட்டில் கை நின்றது. ஸ்பேனர் இல்லாமல் விரலாலேயே திருகினாள். சுற்றியது.

"அப்பா."

"என்ன?"

"லூஸா போயிருந்தா தானா கழண்டிருக்கணும், இல்லாட்டி லீக் ஆகியிருக்கணும். இது கழட்டி, துடைச்சு, கையால திருகி வச்சிருக்கு. அதே ஓட்டையில. இந்தச் சந்துல இப்படி வைக்கிறவங்க ரெண்டு பேர்தான். ஒண்ணு நான்."

வசந்தா திரும்பி என்னைப் பார்த்தாள். ஜெயம்மா தன் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"உனக்குத் தெரியாது" என்றேன். "கேனை வச்சிருந்தவனை நீ பாக்கல. நான் பாத்தேன்." என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"நான் பாக்கலப்பா. உங்க கை என் வாய் மேல இருந்தது. அதுதான் ஞாபகம் இருக்கு. பெட்ரோல் வாசம்."

போல்ட்டை இறுக்கி, காற்றை வெளியேற்றி, சாவியைத் திருப்பினாள். இன்ஜின் பிடித்துக்கொண்டது. நான் கற்றுக்கொடுத்த வேலை.

ஜெயம்மா வீட்டுக்குள் போய் ஒரு துண்டோடு வந்தாள். குளிக்கும்போது வேலன் மேல் போடுகிற அதே சிவப்புக் கட்டம் போட்ட துண்டு. பின்கதவின் மேல் அதை விரித்து, இரண்டு முனையையும் சங்கிலிக் கொக்கியில் கட்டினாள். எழுத்து மறைந்துவிட்டது.

"துண்டு காயுதுன்னு சொல்லு யாராவது கேட்டா" என்றாள். "பயந்தாங்கொள்ளி குணா, நீனும் ஹத்து. ஏறு. பொண்ணுங்களத் தனியா அனுப்பிட்டு இங்க உட்காந்து என்ன பண்ணுவ? பேப்பர் படிப்பியா?"

ஏறினேன்.

5

ஓசூர் ரோடு முழுக்கப் போலீஸ். லாரி குறைவு. தமிழ்நாட்டு பஸ் ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை. மாலினியின் ஆபீஸ் இருக்கிற பக்கம் கண்ணாடிக் கட்டடங்கள் ஞாயிற்றுக்கிழமை வெயிலில் ஆள் இல்லாமல் நின்றன. நான் பின்பக்கக் கண்ணாடியிலேயே கண்ணை வைத்திருந்தேன். காற்றில் துண்டு புடைத்து எழும்பும்போதெல்லாம் 'துணை' என்கிற சொல் தெரிந்து மறைந்தது. பின்னால் ஒரு பைக் கொஞ்ச தூரம் ஒட்டிக்கொண்டே வந்தது. பிறகு திரும்பிப் போனது. வண்டியில் ஒரு சத்தமும் இல்லை. எல்லாப் போல்ட்டையும் அவள் சரியாகப் போட்டுவிட்டாள். சத்தம் இல்லாதது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

அத்திப்பள்ளி செக்போஸ்ட்டைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் வந்ததும், ஒரு பஞ்சர் கடை ஓரம் நிறுத்தச் சொன்னேன். இறங்கிப் போய்ப் பின்கதவிலிருந்து துண்டை அவிழ்த்தேன். அவிழ்த்துக்கொண்டு வண்டியின் முன்பக்கம் வந்தேன். கேஏ நம்பர் தட்டின் மேல் அதைப் போட்டு, பம்பரில் முடிச்சுப் போட ஆரம்பித்தேன். முடிச்சு விழவில்லை.

மாலினி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். "அங்க முன்னாடியும் கட்டணுமா?"

"கட்டணும்."

"அங்க இருக்கிறது நம்ம ஆளுங்கதானேப்பா?"

"அதனாலதான்" என்றேன்.

அவள் இறங்கி வந்து, என் கையிலிருந்து துண்டை வாங்கி, தானே கட்டினாள். அவள் போட்ட முடிச்சு அவிழாது. நம்பரை மறைப்பது குற்றம் என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

கிருஷ்ணகிரியில் மச்சான் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். நாளைக்கு மாலை போட வேண்டிய மனுஷன், பின்கதவின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து எழுத்தைத் தடவினார்.

"எழுத்துல ஒரு துரு இல்லையே. இத்தனை வருஷம் எங்க வச்சிருந்தீங்க மாப்ள?"

நானும் மாலினியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். வசந்தாதான் சொன்னாள். "பத்திரமாத்தான் இருந்தாருண்ணா. தினமும் அபிஷேகம்."

தீர்ப்பு வந்தது. கூடத்தில் டிவியைச் சுற்றிக் கூடி நின்றார்கள். நமக்கு எவ்வளவு, அவனுக்கு எவ்வளவு என்று பேசினார்கள். என் மகள் யார் பக்கம் என்று கேலியாக ஒருவர் கேட்டார். அவள் இலை எடுக்கப் போய்விட்டாள். ஊர் கொஞ்சம் அடங்கிய பிறகு, எல்லையில் துண்டை மறுபடி பின்னால் கட்டிக்கொண்டு திரும்பினோம். எங்களுக்கு ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காததால் நான் பயந்தது தப்பு என்று யாரும் எனக்குக் கடிதம் எழுத வேண்டாம்.

துண்டை ஜெயம்மாவிடம் திருப்பிக் கொடுக்கப் போனேன். வைத்துக்கொள், உனக்குத்தான் தேவை என்றாள். இப்போது அது வண்டியிலேயே இருக்கிறது, ஜாக்கியோடும் ஸ்டெப்னியோடும். மாலினிக்கு அந்த ரோடு பிடித்துப்போய்விட்டது. இனி அடிக்கடி மாமா வீட்டுக்குப் போவேன் என்கிறாள். அவளை நிறுத்த எனக்கு வழி தெரியவில்லை. எந்தப் போல்ட்டை எடுத்தாலும் கண்டுபிடித்துவிடுவாள்.

அதனால் உங்களிடம் சொல்கிறேன். முன்னால் சிவப்புக் கட்டம் போட்ட துண்டு கட்டிய பழைய பிக்கப் ஒன்று உங்கள் ரோட்டில் வந்தால், அது எங்கள் வண்டி. ஓட்டுவது என் மகள். அவளுக்குத் தமிழ் படிக்க வராது, பேச வரும். ஏதாவது கேட்க வேண்டுமென்றால் நிறுத்திக் கேளுங்கள், சொல்லுவாள். கையில் கல் இருந்தால் அதைக் கீழே போட்டுவிட்டுக் கேளுங்கள்.